ஒற்றைத் தோட்டா ரைஃபிள் வாங்கப் போனபோது

பன்னிரண்டு பவுண்டு எடையுள்ள ஒரு ஷார்ப்ஸ் ரைஃபிளை நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி, டெக்சஸ் மாநிலத்தின் லானோ வட்டாரத்துக் கிரானைட் மேடுகளில் ஒரு நவம்பர் காலை முழுவதும் சுமந்து நடந்தேன். கடை கடையாக ஏறி இறங்கியும் விலைப்பட்டியல்களைப் புரட்டியும் ஆறு மாதமாக எனக்குப் பிடிபடாத ஒன்று, அன்று தோள்பட்டை வழியாகப் பிடிபட்டது. இலக்குச் சுடுவதற்கு வாகான துப்பாக்கி வேட்டைக்குச் சுமை. வேட்டைக்கு வாகானது இலக்குக்கு முன்னால் துள்ளும். இரண்டுக்கும் ஒன்றையே வாங்குவதென்றால், இரண்டில் எது கொஞ்சம் குறைபட்டாலும் பொறுத்துக்கொள்வோம் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். அன்று மான் எதுவும் கண்ணில் படவில்லை. பட்டிருந்தாலும் அந்தக் கனத்தைத் தூக்கி நிறுத்திக் கை நடுங்காமல் குறி பார்த்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

நான் இங்கே எழுதுவது 1870களிலும் 1880களிலும் அமெரிக்காவில் புழங்கிய ஒற்றைத் தோட்டா ரைஃபிள்களை அச்சு அசலாக இன்று செய்து விற்கிறார்களே, அவற்றைப் பற்றி. நகல் என்றால் போலி என்ற தொனி வந்துவிடுகிறது, ஆனால் வேறு நல்ல சொல் எனக்கு அகப்படவில்லை. இவற்றில் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மகசீன் கிடையாது. ஒரு தோட்டாவைக் கையால் எடுத்துக் குழலின் பின்வாயில் நுழைத்து, பின்வாயை எஃகுக் கட்டையால் அடைத்து, குதிரையை, அதாவது விசையை அழுத்தியதும் விழுந்து தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலை, இழுத்து வைத்துச் சுட வேண்டும். சுட்டபின் மறுபடியும் திறந்து, வெறும் கூட்டை வெளியே எடுத்து, அடுத்ததை நுழைக்க வேண்டும். அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் மதுரைத் தம்பி ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "ஏண்ணே, இவ்வளவு காசு கொடுத்துப் போயும் போயும் ஒரே ஒரு தோட்டா போடுற துப்பாக்கியா?" என்று கேட்டார். அவருக்கு நான் அன்று சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. ஒரே ஒரு தோட்டாதான் என்பது தெரிந்திருப்பதால் அந்த ஒன்றைச் சுடுவதற்கு முன் நான் எடுத்துக்கொள்ளும் நேரம் கூடுகிறது என்று இப்போது சொல்வேன்.

சட்டத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் நம்மவர்களில் பலர் இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆர்வத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். வேலை விசாவில் அமெரிக்காவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது; ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. நான் விலக்குகளைத் தேடிப் போகாமல் பச்சை அட்டை வரும்வரை காத்திருந்தேன். டெக்சஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதன் பின்போ பிறந்தவர்கள் வேட்டைக்கல்விப் பாடத்தை முடித்திருக்க வேண்டும், அதையும் முடித்தேன். 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற சொல்லே தாத்தாக்களின் கதைகளில் மட்டும் மிஞ்சியிருந்த ஓர் ஊரிலிருந்து வந்தவனுக்கு, வேட்டை உரிமத்தைக் கடையில் வரிசையில் நின்று வாங்குவது முதல் ஆண்டு முழுவதும் விநோதமாகவே இருந்தது.

சட்டத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்ட துப்பாக்கியைக் கூட்டாட்சிச் சட்டம் தொல்பொருள் என்று கருதி, துப்பாக்கி என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிடுகிறது. ஆகவே 1877இல் செய்த உண்மையான ஷார்ப்ஸ் ஒன்று, கூட்டாட்சிச் சட்டத்தைப் பொறுத்தவரை, பழைய மேசை நாற்காலியைப் போலக் கைமாறலாம். அதையே பார்த்துச் சென்ற ஆண்டு செய்த நகல், கடைகளில் கிடைக்கும் தோட்டாவைச் சுடுவதாக இருந்தால், மற்ற எல்லா ரைஃபிள்களையும் போல, துப்பாக்கி வாங்குபவர் கடையில் நிரப்பும் 4473 படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனையைக் கடந்துதான் வீட்டுக்கு வரும். அசலை வாங்கினால் படிவம் மிச்சம், ஆனால் நூற்றைம்பது ஆண்டுப் பழைய எஃகை நம்பி முகத்தைப் பக்கத்தில் வைத்துச் சுடுவதற்கு எனக்குத் துணிவில்லை. விலையும் என் சக்திக்கு மீறியது.

நகல்களில் பெரும்பகுதி வட இத்தாலியிலிருந்து வருகிறது. பிரேசியா மாகாணத்தில் கார்தோனே வால் த்ரோம்பியா என்ற பள்ளத்தாக்கு ஊரும் அதன் சுற்றுப்புறமும் பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. 1957இல் தொடங்கிய பெதெர்சோலி, 1959இல் தொடங்கிய ஊபெர்த்தி ஆகிய இரண்டு நிறுவனங்களும் அங்கிருந்துதான் அமெரிக்க மேற்கின் துப்பாக்கிகளை அமெரிக்கர்களுக்கே செய்து அனுப்புகின்றன. இத்தாலியச் சட்டப்படி ஒவ்வொரு துப்பாக்கியும் கார்தோனேயில் உள்ள அரசுச் சோதனைச்சாலையில் மிகை அழுத்தத் தோட்டாவைச் சுட்டுத் தேற வேண்டும். தேறியதற்கான முத்திரையும், ஆண்டைக் குறிக்கும் எழுத்துக் குறியும் குழலிலோ உடலிலோ பொறிக்கப்பட்டிருக்கும். பழைய துப்பாக்கியாக வாங்குபவர்களுக்கு இது பெரிய உதவி, ஏனெனில் விற்பவர் "நாலு வருஷம்தான் ஆச்சு" என்று சொல்வதை அந்த எழுத்துகளை வைத்துச் சரிபார்த்துவிடலாம். அமெரிக்காவிலேயே செய்வது வேண்டுமென்றால் மொன்டானா மாநிலத்தின் பிக் டிம்பர் என்ற சிற்றூரில் ஷைலோ ஷார்ப்ஸ், சி. ஷார்ப்ஸ் ஆர்ம்ஸ் என்று இரண்டு பட்டறைகள் உள்ளன. வேலைப்பாட்டில் அவற்றுக்கு இணையில்லை என்று பயன்படுத்துபவர்கள் சொல்கிறார்கள். விலையும் காத்திருப்பும் அதற்கேற்ப இருக்கின்றன.

எந்த வகை வேண்டும் என்பதில்தான் நான் அதிகம் அலைந்தேன். ஷார்ப்ஸ் என்றால் எல்லோருக்கும் ஒரு மயக்கம் உண்டு, எனக்கும் இருந்தது. கிறிஸ்டியன் ஷார்ப்ஸ் 1848இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. விசைக் காப்பு வளையத்தையே நெம்புகோலாகக் கீழே தள்ளினால், பின்வாயை அடைத்திருக்கும் கனத்த எஃகுக் கட்டை செங்குத்தாகக் கீழே இறங்கும். 1874 மாதிரி என்று அழைக்கப்படும் உலோகத் தோட்டா ரைஃபிள்தான் சமவெளிகளில் காட்டெருமைகளைத் தோலுக்காகக் கொன்று குவித்தவர்கள் கையில் இருந்தது. 1874 ஜூனில் டெக்சஸின் வட மூலையில் அடோபி வால்ஸ் என்ற வணிகச்சாவடியைக் கொமாஞ்சி, கயோவா, செயன் பழங்குடியினர் தாக்கியபோது, பில்லி டிக்சன் என்ற தோல் வேட்டைக்காரர் இரவல் ஷார்ப்ஸ் ஒன்றால் தொலைமேட்டில் இருந்த குதிரை வீரர் ஒருவரைச் சுட்டு வீழ்த்தினார். பின்னர் அளந்ததில் 1,538 யார்டு என்று சொல்லப்பட்டது. இன்றும் ஷார்ப்ஸ் விற்பவர்கள் இந்தக் கதையைச் சொல்லாமல் விற்பதில்லை. தனது எருமைகளைக் காப்பாற்றிக்கொள்ள வந்த ஒரு மனிதரின் சாவு அது என்பதையோ, அது தற்செயலாகப் பட்ட அடி என்று டிக்சனே பின்னாளில் ஒப்புக்கொண்டதையோ அவர்கள் சொல்வதில்லை. அந்தக் கதையைக் கேட்டுவிட்டுத் துப்பாக்கி வாங்குபவர்கள் தேவைக்கு மீறிய தோட்டாவையும் தேவைக்கு மீறிய குழலையும் வாங்கிவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். நானும் வாங்கியிருப்பேன்.

அன்று இரவல் வாங்கிய ஷார்ப்ஸ் நல்ல துப்பாக்கிதான். இரட்டை விசை வைத்தது. பின்விசையை இழுத்து வைத்தால் முன்விசை மூச்சுப்பட்டாலே விழும் அளவுக்கு இலேசாகிவிடும். ஆனால் பக்கவாட்டில் இருக்கும் பெரிய குதிரை நீண்ட தூரம் வளைந்து வந்து விழுகிறது. விசையை அழுத்துவதற்கும் வெடிப்பதற்கும் இடையில் அந்தக் குதிரை விழும் நேரம் எனக்கு உணரும்படியாக இருந்தது. அந்த நேரத்தில் குழல் சற்று நகர்ந்தாலும் தூரத்தில் அது பெரிய விலகலாகிவிடும். படுத்துக்கொண்டு குறுக்குக் கம்புகளின் மேல் குழலைச் சாய்த்துச் சுடும்போது இது பொருட்டில்லை. நின்றுகொண்டு கைபலத்தில் சுடும்போது பொருட்டுதான். இன்னொன்று, குதிரையைப் பாதியளவு இழுத்து நிறுத்திய பிறகே நெம்புகோலை இறக்க வேண்டும், இல்லையென்றால் சுடும் ஊசியின் முனை ஒடிந்துபோக வாய்ப்புண்டு. எதிரில் விலங்கு நிற்கும் பதற்றத்தில் இதை நினைவில் வைத்துக்கொள்ளும் ஆள் நான் இல்லை.

ரெமிங்டன் ரோலிங் பிளாக் இதற்கு நேர்மாறான எளிமை. குதிரையைப் பின்னுக்கு இழுத்து, அதற்கு முன்னால் இருக்கும் கட்டையையும் கட்டைவிரலால் பின்னுக்குச் சுழற்றினால் பின்வாய் திறந்துவிடும். சுடும்போது குதிரையின் அடிப்பகுதியே கட்டைக்குக் கீழே முட்டுக்கொடுத்துத் தாங்குகிறது. டென்மார்க் 1867இல் இதைப் படைக்கு எடுத்துக்கொண்டது. பிறகு பல நாட்டுப் படைகளுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் போயிருக்கிறது. படைவீரன் இருட்டிலும் சேற்றிலும் கையாளுவதற்கென்று செய்தது என்பது அதைத் தொட்டாலே தெரியும். 1874 செப்டம்பரில் நியூயார்க்குக்குப் பக்கத்தில் லாங் ஐலண்டின் கிரீட்மூர் மைதானத்தில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1000 யார்டுகளில் மோதியபோது அமெரிக்கர்கள் ரெமிங்டன்களையும் ஷார்ப்ஸ்களையும் வைத்து 934க்கு 931 என்று வென்றார்கள். அயர்லாந்துக்காரர்கள் குழல்வாயில் மருந்து இடிக்கும் ரிக்பி ரைஃபிள்களை வைத்திருந்தார்கள். இதை வைத்துப் பின்வாய்த் துப்பாக்கி வென்றது என்று எழுதுபவர்கள், அயர்லாந்து வீரர் ஒருவர் தவறிப்போய்ப் பக்கத்து இலக்கைச் சுட்டுப் புள்ளியை இழந்ததைச் சேர்த்து எழுதுவதில்லை. மூன்று புள்ளி வித்தியாசத்தில் முடிந்த போட்டி அது.

ரோலிங் பிளாக்கில் எனக்கு இருந்த குறை ஒன்றே. சுட்ட கூடு, குழலின் பின்வாயில் இருக்கும் தோட்டா அறையில் ஒட்டிக்கொண்டால் அதைப் பிடுங்குவதற்கு நெம்புகோலின் வலு கிடையாது, கட்டைவிரலின் வலு மட்டும்தான். அந்தக் கால வெடிமருந்தான கருமருந்தின் கசடு சேரச் சேரக் கட்டை சுழல்வதும் இறுகுகிறது. விலையைப் பார்த்தால் இதை விட்டுவிட மனம் வரவில்லை. இரண்டு மாதம் இதுவே என் முடிவாகவும் இருந்தது.

மூன்றாவதாக ஹைவால். ஜான் மோசஸ் பிரௌனிங் யூட்டாவின் ஆக்டன் ஊரில், தம் இருபதுகளின் தொடக்கத்தில், வரைந்து செய்து 1879இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. 1883இல் வின்செஸ்டர் நிறுவனம் அதை விலைக்கு வாங்கி 1885 மாதிரி என்ற பெயரில் வெளியிட்டது. பெரிய தோட்டாக்களுக்குப் பக்கச்சுவர் உயர்ந்த உடல், சிறிய தோட்டாக்களுக்குச் சுவர் தாழ்ந்த உடல். அதனால்தான் ஹைவால், லோவால் என்ற பெயர்கள். நெம்புகோலை இறக்கினால் கட்டையோடு குதிரையும் கூடவே கீழே இறங்குகிறது. குதிரை நடுவில், குழலின் கோட்டிலேயே இருக்கிறது. விழும் தூரமும் குறைவு. ஷார்ப்ஸை விட உடல் ஒல்லி, அதே நேரத்தில் மூன்றிலும் வலுவான அமைப்பு இதுதான் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. கைக்குள் எடுத்துத் தோளில் வைத்தபோது என் கண் தானாகவே, குறி பார்ப்பதற்காகக் குழல்முனையில் இருக்கும் முன் சைட்டுக்குப் போய் நின்றது. ஆறு மாத ஆராய்ச்சியை அந்த ஒரு நொடி தள்ளிவிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

வகை முடிவான பிறகும் தேர்வு முடிவதில்லை. எந்தத் தோட்டா என்ற கேள்வி இருக்கிறது. ஆசை அதிகம் ஏமாற்றும் இடமும் இதுதான். பழைய அமெரிக்கப் பெயரிடும் முறையில் முதல் எண் குழல்விட்டம், நூறில் ஒரு பங்கு அங்குலக் கணக்கில்; இரண்டாவது எண் கருமருந்தின் எடை, கிரெய்ன் கணக்கில். ஆக 45-70 என்றால் 0.45 அங்குல விட்டம், 70 கிரெய்ன் மருந்து. 1873இல் அமெரிக்கப் படைக்காக வந்த தோட்டா இது. 405 கிரெய்ன், அதாவது 26 கிராமுக்குச் சற்று மேல் எடையுள்ள ஈயக்குண்டை வினாடிக்கு ஏறத்தாழ 1300 அடி வேகத்தில் அனுப்பியது. இதே விட்டத்தில் 45-90, 45-110, 45-120 என்று கூட்டின் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். காகிதத்தில் பார்க்கும்போது, சற்றே கூடுதல் விலைக்குப் பெரியதே கிடைக்குமானால் சின்னதை எதற்கு வாங்க வேண்டும் என்று தோன்றும். கடைக்காரரும் அப்படியே கேட்பார்.

துப்பாக்கி மைதானத்தில் எனக்குப் பழக்கமான முதியவர் ஒருவர் தமது 45-110 ரைஃபிளை என்னிடம் கொடுத்து ஐந்து தோட்டாக்களையும் மேசையில் வரிசையாக வைத்தார். தோளில் அணையும் பின்முனையில் பிறைபோல வளைந்த பித்தளை அடித்தட்டு பொருத்திய துப்பாக்கி அது. அந்தக் கால வழக்கப்படி பிறையின் இரண்டு கொம்புகளும் புஜத்தின் மேல் அணைய வேண்டும். நானோ தோள்குழியில் வைத்துச் சுட்டேன். முதல் வெடியிலேயே கீழ்க்கொம்பு சதைக்குள் இறங்கியது. மூன்றாவது வெடிக்கு விசையை அழுத்துவதற்கு முன்பே என் கண்கள் மூடிக்கொண்டன. நான்காவதையும் ஐந்தாவதையும் அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் சிரிக்கவில்லை, இந்தத் துப்பாக்கியை விற்றவனும் மூன்றுக்கு மேல் சுடவில்லை என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோது தோளில் பிறைவடிவில் கன்றிப்போயிருந்தது.

ஆகவே 45-70. தோட்டா எந்த ஊரிலும் கிடைக்கும்; கூடு, அச்சு, கருவிகள் எல்லாம் மலிவு; லானோ வட்டாரத்தில் நான் மான் சுடும் தூரமோ நூற்றைம்பது யார்டைத் தாண்டுவதில்லை. இந்த வேகத்தில் போகும் குண்டு வானவில்லைப் போல வளைந்து போகிறது என்பதை மறக்கக்கூடாது. நூறு யார்டுக்குச் சரிசெய்து வைத்த துப்பாக்கியால் இருநூறு யார்டில் சுட்டால் குண்டு ஏறக்குறைய இரண்டடி கீழே போய் விழும். 45-110 வாங்கினாலும் இந்த வளைவு மறைந்துவிடாது, கொஞ்சம் தட்டையாகும், அவ்வளவுதான். தூரத்தைச் சரியாக அளக்கத் தெரியாதவனை எந்தத் தோட்டாவும் காப்பாற்றப்போவதில்லை. இலக்குக்கு மட்டும் என்றால் உதை குறைந்த 40-65 இன்னும் நல்ல தேர்வு என்று பலர் சொன்னார்கள், அதில் நியாயமும் இருந்தது. காட்டுப்பன்றியையும் கருத்தில் கொண்டு நான் பெரிய விட்டத்திலேயே நின்றேன்.

ஒரே 45-70 என்ற பெயரில் மூன்று தரத் தோட்டாக்கள் சந்தையில் இருப்பதைப் புதிதாக வாங்குபவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். அமெரிக்கப் படைக்கென்று செய்த 1873ஆம் ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிகள் இன்னும் புழக்கத்தில் இருப்பதால், பெரிய நிறுவனங்கள் செய்யும் வழக்கமான 405 கிரெய்ன் தோட்டாக்கள் அந்தப் பழைய எஃகு தாங்கும் அழுத்தத்துக்குள் அடங்கியவை. அதற்கு மேல் நெம்புகோல் ரைஃபிள்களுக்கானவை, அதற்கும் மேல் நவீனக் கட்டுமான ஒற்றைத் தோட்டா ரைஃபிள்களுக்கானவை என்று இரண்டு படிகள் உண்டு. எல்லாமே ஒரே அறைக்குள் நுழையும். நுழைகிறது என்பதற்காகச் சுட்டுவிடக்கூடாது. நகலின் கையேட்டில் செய்தவர் என்ன வரம்பு எழுதியிருக்கிறார் என்று பார்த்து அதற்குள் நிற்பதே முறை. அதற்கு மேல் போனால் தோள்தான் முதலில் புகார் செய்யும்.

குழலைப் பற்றி இரண்டு விஷயம். ஒன்று நீளமும் கனமும். எண்கோணக் குழல் 34 அங்குலம் இருந்தால் பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் இடையிலான தூரம் கூடி, குறி பார்ப்பதில் பிழை குறையும். முன்பாரம் துள்ளலையும் அடக்கும். ஆனால் சீடார் புதர்களுக்கிடையில் அதைத் தூக்கிக்கொண்டு திரும்பினால் ஏதாவது ஒரு கிளையில் இடிக்கும். நான் 30 அங்குலத்தில் நின்றேன். வீட்டுத் தராசில் துப்பாக்கி பத்து பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. இரண்டாவது, குழலுக்குள் வெட்டியிருக்கும் புரி. பழைய ஸ்பிரிங்ஃபீல்டில் 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இன்றைய நகல்களில் பெரும்பாலும் 18 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீண்ட குண்டு தூரத்திலும் தள்ளாடாமல் சுழல வேண்டுமானால் இறுக்கமான புரி வேண்டும். ஐந்நூறு கிரெய்னுக்கு மேற்பட்ட நீளக்குண்டுகளைச் சுட எண்ணுபவர்கள் 18 அங்குலத்துக்குள் ஒரு சுற்று முடிகிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

இங்கே நான் ஏமாறவிருந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம், வேறு மாநிலத்துக் கடை ஒன்று, பழைய ஹைவால் நகல் ஒன்றின் படங்களைப் போட்டிருந்தது. வால்நட் கட்டையில் கீறல் இல்லை. உடலில் நீலமும் வைக்கோல் நிறமும் கலந்த பழைய பாணி வண்ணம் மயில்கழுத்தாக மின்னியது. குழல் கண்ணாடி போல இருக்கிறது என்று தொலைபேசியில் உறுதி சொன்னார்கள். முன்பணம் அனுப்பி, என் ஊர்க் கடைக்கு வரவழைத்தேன். நெம்புகோலை இறக்கி, சிறு விளக்கைப் பின்வாயில் வைத்து, முன்வாயிலிருந்து பார்த்தபோது முதல் இருபது அங்குலம் கண்ணாடிதான். தோட்டா அறைக்கு முன்னால் இரண்டு மூன்று அங்குலத்துக்கு அம்மைத் தழும்பு போலப் புள்ளி புள்ளியாகக் குழி. கருமருந்து சுட்டுவிட்டு மறுநாள் கழுவிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்ட யாரோ ஒருவரின் கைங்கரியம். கருமருந்தின் கசடு ஈரத்தை இழுக்கும். ஓர் இரவு போதும். துப்பாக்கியைத் திருப்பி அனுப்பினேன். போகவரக் கூலி என் தலையில் விழுந்தது. அதன் பிறகு புதிதாகவே ஊபெர்த்தி செய்த ஒன்றை வாங்கினேன். வாங்கியதும் மென்மையான ஈய உருண்டை ஒன்றைக் குழல் வழியாகத் தள்ளி எடுத்து அளந்ததில் 0.458 அங்குலம் வந்தது. அதைவிட ஓர் ஆயிரத்தில் ஒரு பங்கு பெரிதாகக் குண்டு வார்க்கும் அச்சை வாங்கிக்கொண்டேன்.

அடிக்கட்டையில் பிறைவடிவத்தைத் தவிர்த்து, வேட்டைத் துப்பாக்கியைப் போலத் தட்டையான அடித்தட்டு உள்ளதையே கேட்டு வாங்கினேன் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அழகுக்குப் பிறை, சுடுவதற்குத் தட்டை.

மிச்சப்பணம் எல்லாம் சைட்டுக்குப் போனது, அது சரியான செலவும்கூட. கடையிலிருந்து வரும்போது குழலின் மேல் இருந்த மாட்டுக்கொம்பு வடிவப் பின்சைட் நாற்பதைத் தாண்டிய என் கண்ணுக்குப் பனிமூட்டமாகத் தெரிந்தது. கைப்பிடிக்கு மேல் நிற்கும் வெர்னியர் சைட் ஒன்றைப் பொருத்தினேன். மெல்லிய ஏணியில் ஒரு சிறு துளைத்தட்டு ஏறி இறங்கும். ஓரத்தில் வெர்னியர் அளவுகோல். துளை வழியாகப் பார்க்கும்போது கண் தானாகவே நடுவைத் தேடிக்கொள்கிறது. முன்னால் ஒரு சிறு குழாய்க்குள் வட்டவளையமோ கம்பமோ மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். அதற்கடியில் நீர்மட்டக் குமிழி. ஐந்நூறு மீட்டரில் துப்பாக்கி சற்றே சாய்ந்திருந்தாலும் குண்டு பக்கவாட்டில் விலகும் என்பதால் அந்தக் குமிழி வெறும் அலங்காரமில்லை. வேட்டைக்குப் போகும்போது ஏணியை மடக்கிவிட்டு, பெரிய துளையுள்ள தட்டை மாற்றிக்கொள்கிறேன்; விடியற்காலை மங்கலில் சின்னத் துளை வழியே ஒன்றும் தெரியாது.

இலக்குக்குக் கருமருந்தும் நானே வார்த்த 530 கிரெய்ன் குண்டும். வேட்டைக்குக் கடையில் வாங்கும் 405 கிரெய்ன் தோட்டா. கருமருந்து சுடுபவர்கள் ஒவ்வொரு வெடிக்கும் பின் பின்வாயில் ஒரு சிறு குழாயைச் செருகி வாயால் நாலைந்து முறை ஊதுவார்கள். மூச்சின் ஈரம் கசடை இளக்கிவிடும். முதல்முறை பார்க்கும்போது துப்பாக்கியை நாதஸ்வரம் போல ஊதுகிறார்களே என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் கூடுகளையும் குழலையும் கழுவும்போது எழும் கந்தக வாடை தீபாவளிக்கு மறுநாள் காலைத் தெருவை அப்படியே கொண்டுவந்துவிடுகிறது. என் மனைவிக்கு அந்த ஏக்கம் இல்லை. சமையலறைத் தொட்டியிலிருந்து கொல்லைப்புறக் குழாய்க்கு நான் மாற்றப்பட்டேன்.

அந்த ஆண்டு டிசம்பரில் லானோவில், ஏறத்தாழ தொண்ணூறு யார்டில், பக்கவாட்டாக நின்ற ஒரு பெண்மான். ஓக் மரத்தடியில் உட்கார்ந்து, முழங்கால்கள் மேல் முழங்கைகளை ஊன்றி, குதிரையை இழுத்தேன். அந்தச் சிறு சொடுக்குக்கு அது தலையைத் தூக்கியது. அடுத்த தோட்டா சட்டைப்பையில் இருந்தது, துப்பாக்கியில் இல்லை. மூன்று மூச்சு காத்திருந்து, அது மறுபடியும் புல்லுக்குக் குனிந்த பிறகே சுட்டேன். முப்பதடி ஓடி விழுந்தது. குண்டு விலாவுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறியிருந்தது. நவீன வேகத் தோட்டாக்கள் சிதைப்பதுபோல இறைச்சி சிதைந்திருக்கவில்லை.

இலக்குப் பக்கத்தில் கதை அவ்வளவு சுகமில்லை. இங்கே கருமருந்துத் தோட்டா ரைஃபிள்களுக்கென்று உருவ இலக்குப் போட்டி நடக்கிறது. எஃகுத் தகட்டில் வெட்டிய கோழி 200 மீட்டரில், பன்றி 300 மீட்டரில், வான்கோழி 385 மீட்டரில், செம்மறிக்கடா 500 மீட்டரில். கோழியை நின்றுகொண்டு கைபலத்தில் சுட வேண்டும். மற்றவற்றுக்குக் குறுக்குக் கம்பு உண்டு. தேசியப் போட்டிகள் நியூ மெக்சிகோவின் ரட்டோன் பக்கத்தில் உள்ள மைதானத்தில் நடக்கும். நான் போனது உள்ளூர் கிளப்பின் சிறு போட்டிக்கு. கடாவைச் சுட்டால் குண்டு போய்ச் சேர்ந்து, அந்த உலோகச் சத்தம் திரும்பி வர மூன்று வினாடி ஆகிறது. அந்த மூன்று வினாடிக்காகவே ஒருவர் இந்த விளையாட்டுக்கு வரலாம். எனக்குப் பத்தில் நான்கு முறை அந்தச் சத்தம் கேட்டது. கோழி வரிசையில் ஒன்றுதான் விழுந்தது. முப்பதாவது வெடிக்கு மேல், பத்து பவுண்டுத் துப்பாக்கிக்கும் 530 கிரெய்ன் குண்டுக்கும் நடுவில் என் தோள் மாட்டிக்கொண்டிருப்பது தெளிவாகத் தெரிந்தது. லானோ மேடுகளில் எது என்னைக் காப்பாற்றியதோ அதுவே இங்கே உதைத்தது.

போட்டி விதிப்படி துப்பாக்கி 12 பவுண்டு 2 அவுன்ஸ் வரை இருக்கலாம். எனக்கு இரண்டு பவுண்டுக்கு இடம் மிச்சம். பழக்கமான முதியவர்தான் வழி சொன்னார். அடித்தட்டின் இரண்டு திருகாணிகளைக் கழற்றி, கட்டைக்குள் நீளவாக்கில் ஒரு துளையிட்டு, ஈயச்சிதறு நிரப்பிய குழாயைச் செருகி, ஆடாமல் பஞ்சு அடைத்து மூடினேன். ஒன்றரை பவுண்டு கூடியது. பாரம் பின்னால் ஏறியதால் நின்று சுடும்போது குழல்முனை முன்பைவிடச் சற்று அலைகிறது. கோழிகள் இன்னும் சில காலம் பத்திரமாக இருக்கும் என்று நினைக்கிறேன். படுத்துச் சுடும்போது உதை மட்டுப்பட்டிருக்கிறது, நாற்பதாவது வெடிக்கும் கண் மூடவில்லை. அக்டோபர் கடைசியில் அதே இரண்டு திருகாணிகளைக் கழற்றி, குழாயை உருவி, மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறேன்.